ஸ்டெயின்வோர் கீழே வைக்கச் சொல்லவில்லை

கால்டேரியில் யாருக்கு மூலம், யார் வீட்டு மாப்பிள்ளை குடிக்கிறான், எந்தப் பண்ணையில் ஆட்டுக்கு நோய் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஸ்டெயின்வோர் வாயிலிருந்து வந்தது என்று ஒரு சொல்லையும் எவராலும் காட்ட முடியாது. இருபத்தேழு வருஷம் எங்கள் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். பத்து மைல் சுற்றளவில் நடந்த கல்யாணம், சாவு, சண்டை அத்தனையும் அவள் காது வழியாகத்தான் போனது. ஒன்றும் வாய் வழியாகத் திரும்பி வரவில்லை.

அப்படியென்றால் எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். ஒட்டுக் கேட்டுத்தான், வேறெப்படி? ஒரே கம்பியில் இருபத்தாறு வீடு. வீட்டுக்கு ஒரு மணி: எங்களுக்கு இரண்டு நீளம் ஒரு குட்டை, பக்கத்துப் பண்ணைக்கு மூன்று குட்டை. யாருக்கு அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும். அடித்தால் எடுப்பதுதானே மரியாதை? அடுத்தவன் மணி என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பாவம் என்று சொல்கிறவன் ஐஸ்லாந்தின் கிழக்குக் கரைக்கு வந்து ஒரே ஒரு ஜனவரி இருந்து பார்க்கட்டும்.

இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. எத்தனை பேர் ரிசீவரை எடுக்கிறார்களோ அத்தனைக்குச் சத்தம் குறைந்துகொண்டே போகும். இருபது வீடு எடுத்துவிட்டால் பேசுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். அதனால் மூன்று விஷயத்துக்கு லைனைக் காலி செய்ய வேண்டும் என்பது துறையின் விதி: வைத்தியர் பேசினால், சாவுச் செய்தி வந்தால், அரசாங்கம் ரகசியம் பேசினால். அப்போது ஸ்டெயின்வோர் நடுவில் புகுந்து, "போதும், கீழ வைங்க" என்பாள். டக், டக், டக் என்று வரிசையாகக் கேட்கும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவள் சொன்னால் வைப்போம்.

அவள் மேட்டுப் பண்ணை கெட்டிலின் நாலாவது மகள். பதினேழு வயதில் நுரையீரல் நோய் வந்து இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ஒரு நுரையீரலைக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்பினாள். வைக்கோல் போர் ஏற்றவும் ஆடு பிடிக்கவும் தெம்பில்லை என்று ஆனதும், இருபத்தைந்து வயதில் இந்த நிலையத்தைக் கொடுத்தார்கள். முன்னறையில் சுவிட்ச் போர்டும் தபால் மேசையும், பின்னறையில் அவள் கட்டிலும் அடுப்பும். கல்யாணம் ஆகவில்லை. பக்கத்துக் கடற்கழி ஊரிலிருந்து ஒருவன் மூன்று வருஷம் போனிலேயே பேசிப் பார்த்தான். ஊரே கேட்டுக்கொண்டிருந்ததில் பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டான். அவளுக்கு அந்த போர்டுதான் குடும்பம். அதைத் தவிர ஒரு தம்பி, கெஸ்துர். கடலோரக் காவல் கப்பலில் வேலை.

எழுபத்தைந்து அக்டோபரில் எங்கள் கடல் எல்லை இருநூறு மைல் என்று அரசு அறிவித்தது. மீன் குறைந்துகொண்டே வந்தது, எங்களுக்கு வேறென்ன இருக்கிறது? பாறையைத் தின்ன முடியுமா? ஆங்கிலேய இழுவைப் படகுகள் போக மாட்டோம் என்றன. அவற்றுக்குத் துணையாக அவர்கள் போர்க்கப்பல்கள் வந்தன. எங்களுக்குப் படையே கிடையாது. சில காவல் கப்பல்கள், அவற்றின் பின்னால் வலைக் கம்பியை அறுக்கிற ஒரு கொக்கி, அவ்வளவுதான். இவர்கள் போய் வலையை அறுப்பார்கள், அவர்கள் வந்து இடிப்பார்கள். இப்படியே அந்தக் குளிர்காலம் போனது.

கேவலம் எதுவென்றால், இடித்தவனும் நேட்டோ, இடிபட்டவனும் நேட்டோ. எங்கள் ஊர் முனையில் அதே கூட்டணியின் ரேடார் நிலையம் வெள்ளைக் கிண்ணம் மாதிரி நிற்கிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ரஷ்யன் விமானம் பறந்தால் அதற்குத் தெரியும். நாற்பது மைலில் நம் கப்பலை நண்பன் இடிப்பது மட்டும் தெரியாது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியுமா?

ஜனவரியில் ஒரு நாள் கெஸ்துரின் கப்பல் இடி வாங்கியது. அவன் இரும்புப் படியில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு, கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்து அக்காவின் பின்னறையில் படுத்தான்.

மறுநாள் காலை மீன் ஆலையின் மேஸ்திரி சோல்ரூன், ஆறடி உயரம், அதற்கேற்ற வாய், டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் ஒரு பழைய படகை இழுத்து வந்து ரேடார் நிலையத்துக்குப் போகும் சாலையில் குறுக்கே போட்டாள். பாலும் மருந்தும் போகலாம், டீசலும் ஆளும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நிலையத்து வெளிநாட்டு அதிகாரி ஒருவன் வந்து, இது கூட்டணிச் சொத்து என்று ஏதோ சொன்னான்.

"கூட்டணின்னா என்னன்னு எனக்குத் தெரியாதுப்பா," என்றாள் சோல்ரூன். "எங்க வீட்டுல ஒரே மேசையில சாப்பிடுறவன் பக்கத்துல இருக்கிறவன் தட்டுல கை வச்சா, எந்திரிச்சுப் போடான்னு சொல்லுவோம். உங்காளுகிட்ட அதைச் சொல்லு. கப்பல் திரும்பிப் போகட்டும், படகை நானே எடுத்துடறேன்."

"அதை நான் சொல்ல முடியாது."

"அப்ப நடந்து போ. உடம்புக்கு நல்லது."

தலைநகரத்தில் அரசியல்வாதிகளும் அதையேதான் பேசினார்கள். போர்க்கப்பலைத் திருப்பி அழைக்காவிட்டால் ரேடார் நிலையத்தை மூடுவோம், கூட்டணியில் இருப்பதா வேண்டாமா என்றே யோசிப்போம் என்று வானொலியில் கேட்டோம். எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாங்கள் ரோட்டில், அவர்கள் மேடையில், ஒரே பேச்சு என்று நினைத்தோம்.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு, அதாவது எங்களுக்கு இருட்டிய பிறகு, தலைநகரத்திலிருந்து ஆர்மன் என்று ஓர் அதிகாரி கூப்பிட்டான். எந்த அலுவலகம் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க மாட்டேன். பெரியவர்கள் கேட்காமலே அவர்களுக்கு நல்லது செய்து பெயர் வாங்கப் பார்க்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அதிகாரி டிரிக்வியிடம் ரகசியமாகப் பேச வேண்டும் என்றான். டிரிக்வி எங்கள் கம்பியில்தான் இருந்தார். அவர் மணி நாலு குட்டை.

ஸ்டெயின்வோர் நாலு தடவை கைப்பிடியைச் சுற்றினாள். மாவட்ட அதிகாரிக்கு மணி அடித்தால் யார் வீட்டில் சும்மா இருப்பார்கள்? டக், டக் என்று எடுக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. லைனைக் காலி செய்ய அவள் கை போர்டில் பேசும் விசைக்குப் போனது. அதற்குள் ஆர்மன் ஆரம்பித்துவிட்டான்.

"டிரிக்வி, ரோட்டு விஷயம். ரேடார் நிலையத்தை மூடுவோம்னு இங்க எல்லாரும் சத்தம் போடுவாங்க, பிரஸ்ஸல்ஸ்ல கூட்டணிக் கூட்டத்துலயும் போடுவாங்க. அது சும்மா. என்ன நடந்தாலும் நிலையத்தைத் தொட மாட்டோம்னு நான் லண்டன் ஆளுக்குச் சொல்லிட்டேன்."

ஸ்டெயின்வோரின் கை விசை மேலேயே நின்றது. பின்னறையில் கெஸ்துர் வலியில் முனகுவது கேட்டது. 'போதும், கீழ வைங்க' என்கிற மூன்று வார்த்தைதான். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ? சத்தம் குறையுதே," என்றான் ஆர்மன். தலைநகரத்துப் பிள்ளை, அவன் வீட்டில் ஒரு போனுக்கு ஒரு கம்பி.

டிரிக்விக்குத் தெரியாதா? அவரும் ஆயுசு பூராவும் ஒட்டுக் கேட்டு வளர்ந்தவர்தான். "இங்க காத்து ஜாஸ்தி," என்றார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லு, ஆர்மன்."

"ஆபரேட்டர், லைனைக் கொஞ்சம் சரி பண்ணுங்க."

"லைன் சரியாத்தான் இருக்கு," என்றாள் ஸ்டெயின்வோர். "சத்தமாப் பேசு."

அவன் கத்தினான். ரகசியத்தைத் தொண்டை கிழியக் கத்திச் சொன்ன மனிதனை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நிலையத்தைத் தொட மாட்டோம் என்று மறுபடி சொன்னான். வியாழக்கிழமை காலைக்குள் ரோட்டைத் திறந்துவிட வேண்டும் என்றான். ஜனங்கள் கேட்டால் பனி தள்ளும் வண்டிக்காக என்று சொல்லிவிடுங்கள், கிராமத்து ஆட்கள்தானே, நம்புவார்கள் என்றான். "பனி தள்ளுற வண்டியா?" என்று டிரிக்வி திருப்பிக் கேட்டார். "ஆமா, பனி தள்ளுற வண்டி," என்று அவன் எழுத்தெழுத்தாகக் கத்தினான். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு விட்ட சத்தம் இருபத்தாறு வீட்டிலும் கேட்டது.

அன்று சாயங்காலம் ரோட்டில் ஒரு படகு இல்லை, ஏழு படகு. பள்ளத்தாக்கின் கோடியிலிருந்த பண்ணைகளிலிருந்துகூட டிராக்டர்கள் இறங்கி வந்தன. இருபது வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு அண்ணன் தம்பி ஒரே தார்ப்பாயின் கீழ் நின்றார்கள். பெண்கள் ஆட்டுக்கறி சூப்பைப் பால் கேனில் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். வியாழக்கிழமை காலை பனி தள்ளும் வண்டி உண்மையாகவே வந்தது. அதை ஓட்டி வந்தவன் சோல்ரூனின் மைத்துனன். அவன் வண்டியை நிறுத்தி இறங்கி, அதையும் குறுக்கே விட்டுவிட்டு சூப் வாங்கிக் குடித்தான்.

ஆர்மன் கத்தியது வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வார்த்தை மாறாமல் வந்தது. தலைநகரத்தில் ஆளாளுக்கு, அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, நிலையம் பற்றி நாங்கள் சொன்னது சொன்னதுதான் என்று கூடுதல் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் அரசு லண்டனோடு உறவையே அறுத்துக்கொண்டது. அது எங்கள் ரோட்டால்தான் என்று கால்டேரியில் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பெரிய காரியத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

ஆனால் அதற்கு முன்பே, பத்திரிகை வந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காற்று அடங்கியதும் ஆர்மன் சின்ன விமானத்தில் வந்து இறங்கினான். முப்பது வயதிருக்கும், நல்ல கோட்டு, பனியில் ஊறிய ஷூ. நேராக ஸ்டெயின்வோரிடம் போனான். அவள் காப்பி ஊற்றிக் கொடுத்து, சர்க்கரைக் கட்டிக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"நீங்க அன்னிக்கு லைனைக் காலி பண்ணலை," என்றான். எங்கள் பக்கம் அமைச்சரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவன் மட்டும் அவளை 'நீங்க' என்றான்.

"பண்ணலை."

"என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? நம்மகிட்ட படை இல்ல, பீரங்கி இல்ல. பெரியவங்க கூட்டத்துல நமக்கு ஒரு நாற்காலி இருக்கு, அவ்வளவுதான் நம்ம சொத்து. வெளிய எவ்வளவு வேணாலும் கத்தலாம். உள்ளுக்குள்ள ஒருத்தன் அந்த நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இல்லைன்னா நாளைக்கு நிஜமா ஆபத்து வர்றப்ப நம்மளை எவன் பாப்பான்?"

அவன் பேசியது பொய்யில்லை. அவன் அதை நம்பித்தான் பேசினான். அதனால்தான் ஸ்டெயின்வோர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னாள்.

"நாற்காலி இருக்கட்டும், ஆர்மன். வேணாம்னு நான் சொல்லலை. ஆனா அதுல உக்காந்துக்கிட்டு நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணா இருக்கணும். நீ முன்கூட்டியே விட்டுக் குடுத்துட்ட. அதை யார்கிட்ட சொன்ன? இடிச்சவன்கிட்ட. இடி வாங்குறவன்கிட்ட சொல்லலையே. உள்ள படுத்திருக்கானே என் தம்பி, கப்பல் மேல வந்து ஏறுறப்ப அவனுக்குத் தெரியுமா, ஊர்ல ஒருத்தன் ஏற்கெனவே பேரத்தை முடிச்சுட்டான்னு?"

ஆர்மன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். தட்டச்சு செய்திருந்தது. கவனக்குறைவால் லைனைக் காலி செய்யத் தவறிவிட்டேன், அதற்கு வருந்துகிறேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்," என்றான், கொஞ்சம் இறங்கிய குரலில். "உங்க வேலை இருக்கும், இந்த வீடு இருக்கும். போடலைன்னா துறை உங்களை வச்சுக்க முடியாது. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் மூச்சு விட்டாப்புல இருக்கும். கிராமத்து நிலையத்துல ஒரு அம்மா கவனிக்காம விட்டுட்டாங்கன்னு முடிஞ்சு போயிடும்."

கையெழுத்துப் போட்டுவிடத்தான் அவள் மனசு பறந்தது. இதை அவளே பிறகு சொன்னாள், மறைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது, ஒரு நுரையீரல், அந்த போர்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதன் ஒவ்வொரு துளைக்கும் ஒரு வீட்டு முகம் அவளுக்குத் தெரியும்.

பேனாவை எடுத்தாள். 'கவனக்குறைவால்' என்பதை அடித்தாள். மேலே 'வேண்டுமென்றே' என்று எழுதினாள். 'வருந்துகிறேன்' என்ற வரியை முழுக்க அடித்தாள். அடியில் தகப்பன் பெயரும் சேர்த்து ஸ்டெயின்வோர் கெட்டில்ஸ்தோத்திர் என்று முழுப் பெயரையும் எழுதித் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"இதை நான் எடுத்துக்கிட்டுப் போக முடியாது," என்றான் ஆர்மன். "இது ஒப்புதல் வாக்குமூலம்."

"ஒப்புக்கிட்டதைத்தான் எழுதியிருக்கேன். இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள்கூட நான் கவனிக்காம இருந்ததில்ல. வேலையை வேணா எடுத்துக்கோ. கவனமில்லாதவள்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"கொஞ்சம் யோசிங்க."

"யோசிச்சுட்டேன். காப்பி ஆறுது, குடி."

அவன் குடித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். பத்து நாளில் உத்தரவு வந்தது. வேறு ஊரிலிருந்து ஓர் இளம்பெண் வந்து போர்டில் உட்கார்ந்தாள். ஸ்டெயின்வோர் ஒரு பெட்டியையும் ஒரு தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு சோல்ரூன் வீட்டு மாடியறைக்குப் போனாள். ஊரில் எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. இனி யாரும் போனைத் தொட மாட்டோம், துறை நாசமாகட்டும் என்று கூட்டம் போட்டோம். அவள் வந்து எங்களைத்தான் திட்டினாள்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? குழந்தைக்கு ஜுரம் வந்தா வைத்தியரை எப்படிக் கூப்பிடுவீங்க, மலை மேல ஏறி நின்னா? அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணா? போய் போனை எடுங்க."

ஒரு பத்திரிகைக்காரன் வந்து, இத்தனை வருஷம் கேட்டதில் இன்னும் என்னென்ன ரகசியம் இருக்கிறது என்று துருவினான். அவள் அவனுக்கு உலர்ந்த மீனும் வெண்ணெயும் வைத்து அனுப்பினாள். கேட்டதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அன்றைக்கும் நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லையே, அவன்தானே கத்தினான் என்றாள்.

மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நுரையீரலோடு அந்தக் குளிரில் நிற்பது விளையாட்டில்லை. முதல் மாசம் மத்தியானத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள், யாராவது பார்த்தால் எழுந்துவிடுவாள். போர்டு இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றாள். கெஸ்துர் கை தேறி மறுபடி கடலுக்குப் போகும்போது, "என்னாலதானேக்கா," என்று கலங்கினான். "உன்னால இல்ல, போடா," என்றாள். "உனக்கு எலும்பு ஒட்டிடுச்சு. எனக்கும் ஒட்டிடும்."

ஜூனில் ஒப்பந்தம் ஆயிற்று. போர்க்கப்பல்கள் போயின. எங்கள் எல்லை இருநூறு மைல் என்று ஆங்கிலேயனும் ஒப்புக்கொண்டான். கூட்டணியில் நாங்கள் இருந்தோம், நாற்காலியும் இருந்தது, கால்கூட உடையவில்லை. சோல்ரூன் சொன்ன சொல் தவறாமல் தன் படகைத் தானே இழுத்துப் போட்டாள்.

எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்த அந்தச் சமயத்தில் ஸ்டெயின்வோருக்குத் துறையிலிருந்து கடிதம் வந்தது. நிலையத்தை மறுபடி அவளுக்கே கொடுக்கத் தயார், வந்த பெண்ணுக்கும் வேறு ஊர் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி: ஜனவரியில் நடந்தது ஒரு தவறான புரிதல் என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்வதாக எழுதி அனுப்பினால் போதும்.

சோல்ரூன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதுல என்ன குறைஞ்சு போயிடும்? எழுதிப் போட்டுட்டு உன் போர்டுல போய் உக்காரு," என்றாள். சோல்ரூனே அப்படிச் சொன்னாள். ஸ்டெயின்வோர் கடிதத்தை வாங்கி ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. பிறகு அதே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்:

'தவறான புரிதல் எதுவும் இல்லை. அன்றைக்கு இருபத்தாறு வீட்டுக்கும் சரியாகத்தான் புரிந்தது.'

உறையை ஒட்டித் தானே எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், அந்த இளம்பெண்ணிடம் தபால்தலை வாங்கி ஒட்டிக் கொடுத்தாள். போர்டு பக்கம் பார்க்கவில்லை. வெளியே வந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆலைக்கு நடந்தாள், நேரமாகிவிட்டது. காலையிலேயே இரண்டு படகு நிறையக் காட் மீன் வந்து இறங்கியிருந்தது.